உப்பு பார்க்க ஒரு நாக்கு

அண்டாவுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என்னைப் பெற்ற அத்தா. நடுவில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குப் போகவேண்டிய நோன்புக் கஞ்சி கொப்பளித்துக்கொண்டிருந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து செத்த நேரம்தான் ஆகியிருக்கும்.

"உப்பு போட்டாச்சுத்தா" என்றேன், கையிலிருந்த தாளில் ஒரு டிக் அடித்துக்கொண்டே.

அத்தாவின் துடுப்பு நின்றது. "நீ போட்டியா?"

"நீங்க தொழப் போனப்ப போட்டேன். காலைலயே சொன்னேன்ல, இன்னிக்கு உப்பு நான் நிறுத்துப் போடுறேன்னு?"

"அப்ப நான் போட்டது?"

"நீங்களும் போட்டீங்களா?"

அத்தா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பதில் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல. "தெரியல புள்ள. வந்ததும் எப்பவும் போடுறதுதான். கை போட்டிருக்கும்."

கை போட்டிருந்தால் கஞ்சியில் இரண்டு பங்கு உப்பு. போடாமல் இருந்தால் சரியான உப்பு. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் அது ரமலான் மாதம். சுற்றி நின்ற அத்தனை பேரும் நோன்பு.

அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலையாட்டல்

நாற்பத்தாறு வயதில் நான் மறுபடி படிக்கச் சேர்ந்த கதையைப் போன வாரங்களில் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மளிகைச் சாமான் பொட்டலத்தில் பின்பக்கம் அச்சடித்திருக்கிற விவரம்தான். அதை ஒன்றுவிடாமல் படிப்பேன். காலாவதித் தேதி தாண்டிய பொருளை என் வீட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது. அலமாரியில் டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். யாராவது மாற்றி வைத்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன்.

என் மகள் ஆப்ரின் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சொன்னாள். "ம்மா, நாங்க எப்படி உக்காரணும், எப்படித் திங்கணும்னு எங்களையே திருத்திட்டு இருக்கீங்க. நீங்களும் எதுலயாவது சேந்து படிங்க. உங்கள யாராவது திருத்தட்டும்."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே சேர்ந்துவிட்டேன். உணவும் ஊட்டச்சத்தும் பற்றிய தொலைதூரப் பட்டயப் படிப்பு. சனி, ஞாயிறு வகுப்பு. எங்கள் மேடத்துக்கு ஆப்ரினைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். வகுப்பில் நானும் என் கைப்பையும்தான் மூத்தவர்கள்.

செய்முறைத் திட்டமாக, நிறையப் பேருக்குச் சமைக்கிற ஓர் உணவை எடுத்து, யார் செய்தாலும் ஒரே மாதிரி வருகிறபடி அளவோடு எழுதித் தரவேண்டும். நான் யோசிக்கவே இல்லை. "எங்க அத்தாவோட நோன்புக் கஞ்சி" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்களோடு இருக்கும் அத்தா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. ஆனாலும் ரமலான் பிறந்தால் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவரே அண்டாவை ஏற்றுவார். சீரகச் சம்பாக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம். கடைசியில் பட்டை, கிராம்பு, புதினா தாளித்துக் கொட்டித் தேங்காய்ப்பால் ஊற்றும்போது, தெருக்கோடியில் சைக்கிளில் போகிறவர்கூட ஒரு மிதி மெதுவாக மிதிப்பார்.

அந்தக் கைக்கு அளவு கிடையாது. நான் தராசு வைத்துக்கொண்டு சில நாள் கூடவே நின்றேன். அவர் அள்ளுவதைத் தட்டில் வாங்கி நிறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். "என் கைய நம்பாமத் தராச நம்புறியா?" என்பார். கோபமில்லை. கொஞ்சம் பெருமைதான்.

சம்பவம் நடந்த நாள், உப்பை முதன்முதலாக என் அளவின்படி நானே போடுவதாக ஏற்பாடு. காலையில் சொன்னபோது அத்தா தலையாட்டினார். அத்தா தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமில்லை, பேச்சை முடி என்று அர்த்தம். இத்தனை வருஷம் மகளாக இருந்தும் அதை நான் மறந்துபோனேன்.

முருகேசன் அண்ணன் இல்லாத நாள்

நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கிறவர்கள் உப்பு எப்படிப் பார்ப்பார்கள் என்று வகுப்பில் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்.

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, விழுங்காமல் துப்பிவிடலாம் என்று மார்க்கத்தில் அனுமதி உண்டு. வீடுகளில் பெண்கள் அப்படிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அத்தா ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். "துப்புறதுக்கா ஆக்குறேன்?" என்பார்.

அதனால் எங்கள் தெருவில் வேறொரு வழக்கம். எதிர் வரிசையில் தையல்கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன்தான் ரமலான் முழுவதும் எங்களுக்கு உப்பு பார்ப்பவர். அஸருக்குப் பிறகு மிஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வருவார். ஒரு கிண்ணம் வாங்கிக் குடிப்பார். "பாய், ஒரு சிட்டிகை" என்றால் ஒரு சிட்டிகை. "விட்ருங்க" என்றால் விட்டுவிடுவார்கள். கிண்ணத்தை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அவருக்கு முன்னால் ஒரு வருஷம் பக்கத்து வீட்டுச் சின்னக் குழந்தையிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்குக் குழந்தை, "சுடுது" என்றதாம். இன்னொரு கரண்டி கொடுத்தால், "இப்பவும் சுடுது." அதோடு குழந்தைகளை விட்டுவிட்டார்கள்.

சம்பவத்தன்று முருகேசன் அண்ணன் சேவுகம்பட்டிக்குப் போயிருந்தார். தங்கை மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாளே வந்து, "ஒரு நாள்தான் பாய், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அத்தா அதற்கும் தலையாட்டியிருந்தார்.

சாத்திய ஜன்னல்

இனி, தெருவில் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம்.

அத்தாவுக்குச் சர்க்கரை நோய். சம்பவத்துக்கு முந்தின வருஷ ரமலானில் அண்டா பக்கத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அடுப்புப் பக்கம் சாயாமல் சுவர்ப் பக்கம் சாய்ந்தது எங்கள் நல்ல நேரம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி நோன்பு வேண்டாமென்று. உடம்புக்கு முடியாதவர் நோன்பை விட்டு, ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்பது மார்க்கத்திலேயே இருக்கிறது. அத்தாவுக்கும் அது தெரியும். ஆனால் அவர் மனசு கேட்கவில்லை.

நான் அப்போதுதான் சர்க்கரை நோய்ப் பாடம் படித்திருந்தேன். சும்மா இருப்பேனா? அட்டையில் படம் வரைந்து, சிவப்பு மையில் எச்சரிக்கை எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அத்தா அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டார்.

வகுப்பில் இதைச் சொல்லிப் புலம்பியபோது மேடம் கேட்டார். "அவர்கிட்ட நிறையச் சொல்லியிருக்கீங்க. ஏதாவது கேட்டீங்களா?"

நான் கேட்டதே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "அத்தா, நோன்ப விடுறதுல உங்களுக்கு எது கஷ்டம்?"

வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார். "ஏழு வயசுல புடிச்ச நோன்பு. அல்லாகிட்ட சொல்லிக்கிடுவேன், அவனுக்கு எல்லாம் தெரியும். அமீருகிட்ட எப்படிச் சொல்றது?"

அமீர் மாமா அத்தாவின் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. தோல் மண்டி வைத்திருப்பவர். தினமும் அஸர் முடிந்ததும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கஞ்சி இறங்கும்வரை பேசுவார். பேச்சில் எங்கேயாவது ஓரிடத்தில், "நூத்தி மூணு காய்ச்சல்லயும் ஒரு நோன்ப நான் விட்டதில்ல" என்பது வந்துவிடும்.

ஆகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அத்தா நோன்பு வைக்கமாட்டார். ஆனால் தெருவுக்குத் தெரியக்கூடாது. மதியம் உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். வாசம் வெளியே போகக்கூடாது என்பதால் குழம்பு கிடையாது, தாளிப்பு கிடையாது, சட்னிகூடக் கிடையாது. இட்லியும் தயிரும்தான். எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு வாசம் என்று நான் அந்த மாதம் ஆராய்ந்த ஆராய்ச்சிக்குத் தனியாகவே ஒரு பட்டயம் தரலாம்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் அத்தா உதட்டை உலரவிட்டு, சோர்ந்தவர் மாதிரி நடப்பார். "ஏன்த்தா இம்புட்டு நடிப்பு?" என்று கேட்டால், "நோன்பு வச்சப்பகூட இம்புட்டுத் தாகம் எடுத்ததில்ல புள்ள" என்பார்.

சம்பவத்தன்று எனக்கும் நோன்பு இல்லை. மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு விலக்கு. விட்டதைப் பிறகு பிடித்துக்கொள்வோம். ஆனால் எந்த வீட்டிலும் பெண்கள் இதை ஆண்கள் முன்னால் காட்டிக்கொள்வதில்லை. விடியலுக்கு முன்னால் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து உட்காருவோம். தண்ணீர்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் குடிப்போம்.

அன்று மதியம் அத்தாவுக்குத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இரண்டு இட்லியை இன்னொரு தட்டில் எடுத்து வைத்து, தயிரையும் ஊற்றி, தரையில் என் பக்கமாகத் தள்ளினார்.

சாத்திய ஜன்னலுக்குள் அத்தாவும் மகளும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

வீடியோவில் ருசி

இப்போது மறுபடியும் அண்டாவுக்கு வருவோம்.

கஞ்சி வாங்க வாளிகளோடு பள்ளிவாசல் ஆட்கள் வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"நீயே நாக்கு நுனில வச்சுப் பாத்துத் துப்பேன், கனி" என்று அத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் அமீர் மாமா.

"துப்புறதுக்கா ஆக்குறேன்?"

"சரிப்பா, விடு."

"நீ பாரேன்" என்றார் அத்தா.

"எனக்கா? எங்க வீட்டுல உப்பில்லாமத்தான் போடுறாக. எனக்கு உப்புன்னா என்னன்னே மறந்துபோச்சு."

வாளிக்காரர்களில் ஒருவர், "மெயின் ரோட்டுல யாரையாவது கூட்டிட்டு வரவா?" என்றார்.

அத்தா முறைத்தார். "வழியில போறவனுக்கு என் கஞ்சி எப்படி இருக்கணும்னு தெரியுமா?"

அதற்குள் ஆப்ரின் முருகேசன் அண்ணனை வீடியோவில் பிடித்துவிட்டாள். பின்னால் மேளச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம்.

"அண்ணே, உப்பு கூடிப்போச்சான்னு தெரியல. பாத்துச் சொல்லுங்க" என்று போனை அண்டாப் பக்கம் திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல காட்டு பாப்பா" என்றார் அவர். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போன்ல நான் எப்படி பாப்பா குடிக்கிறது? பஸ் புடிச்சு வாரதுக்குள்ள நீங்க நோன்பே தொறந்துருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத இருநூறு பேர், முதல் வாய்க்கு அவருடைய கஞ்சியைத்தான் தொடுவார்கள். அந்த முதல் வாய் உப்புக் கரித்தால் என்ன ஆகும் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

கொட்டகையில் நோன்பில்லாத நாக்கு இரண்டு இருந்தது. ஒன்று அத்தாவுடையது, மற்றது என்னுடையது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய நூர்ஜஹானாக இருந்தால் அந்த இடத்தில் உண்மையை ஒரே வரியில் போட்டு உடைத்திருப்பேன். டாக்டர் சொன்னது, பாடத்தில் இருப்பது, மார்க்கம் அனுமதிப்பது எல்லாம் என் பக்கம் இருந்தன. அப்போதெல்லாம் எனக்குச் சரியாக இருப்பதுதான் முக்கியம். ஆனால் "அமீருகிட்ட எப்படிச் சொல்றது?" என்று அவர் கேட்டது என் காதில் இருந்தது. அது அவர் சொல்லவேண்டியது. நான் சொல்லக்கூடாது.

அப்படியானால் மிச்சமிருப்பது என் நாக்கு. உள்ளே கொண்டுபோய்க் குடித்தாலும், வந்து உப்பைச் சொன்னதுமே எல்லோருக்கும் புரிந்துவிடும். அத்தனை ஆண்களுக்கு முன்னால் குடித்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் தண்ணீர் குடித்தேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தேன்.

குடு இங்க

கரண்டி கஞ்சியைத் தொட்டது. அத்தா என்னைப் பார்த்தார். மதியம் தட்டைத் தள்ளியபோது பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"குடு இங்க" என்றார்.

"இல்லத்தா, நான்..."

"குடுன்னா குடு."

கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். கிண்ணத்தில் ஊற்றினார். அவசரப்படாமல் ஊதினார். பிஸ்மி சொல்லிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அவர் துப்பவில்லை.

அமீர் மாமாவின் நாற்காலி கிரீச்சென்றது.

"சர்க்கரை" என்றார் அத்தா, அண்டாவைப் பார்த்துக்கொண்டே. "டாக்டர் வேணாம்னுட்டாரு. இந்த வருஷம் ஒரு நோன்பும் வைக்கல."

விறகு ஒன்று வெடித்தது. அமீர் மாமா தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அது கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "உப்பு எப்படி இருக்கு, அதச் சொல்லு."

"ரெண்டு கை விழுந்திருக்கு. கடல் தண்ணி."

அதற்குப் பிறகு கொட்டகையில் யாரும் சும்மா நிற்கவில்லை. அத்தாவின் குரலே மாறிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தி ஆரம்பிக்கும்போது வருமே, அந்தக் குரல். "குருணை இன்னொரு பங்கு களை! இன்னொரு அண்டாவ ஏத்து! உப்பு பக்கம் எவனும் போகக்கூடாது! ஏலே, தேங்கா எங்க?"

ஆப்ரின் தேங்காய்களை அள்ளிக்கொண்டு தெருவில் ஓடினாள். மூன்று வீட்டு மிக்ஸிகள் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. அமீர் மாமா நாற்காலியை விட்டு எழுந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைத்தார். பாதித் தேங்காய்த் தண்ணீர் அவர் சட்டையில்தான்.

உப்பில்லாமல் வெந்த இரண்டாவது அண்டாவையும் முதல் அண்டாவையும் மாற்றி மாற்றிக் கலந்தோம். ஒவ்வொரு கலப்புக்கும் அத்தா ஒரு கிண்ணம் குடித்தார். நிதானமாக, நாலு பேர் பார்க்கக் குடித்தார். நான்காவது கிண்ணத்தில், "ம்" என்றார்.

நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்குக்கு முன்னால் வாளிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஓர் அண்டா நிறைய இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒரு வாளி, டீக்கடைக்கு ஒரு வாளி, முருகேசன் அண்ணன் வீட்டுக்கு ஒரு தூக்கு. அன்று எங்கள் தெருவைத் தாண்டிப்போனவர்களில் கஞ்சி குடிக்காமல் போனவர்கள் குறைவு. என் தாளில் நான் எழுதிவைத்திருந்த எந்த அளவும் அந்தக் கஞ்சிக்குப் பொருந்தாது.

பெருநாள் முடிந்து செய்முறைத் திட்டத்தைச் சமர்ப்பித்தேன். மேடம் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார்.

"தேவையான பொருட்கள்ல குருணை, பருப்பு, வெந்தயம் எல்லாம் சரி. கடைசில 'நோன்பில்லாத ஒருவர்'னு இருக்கே?"

"அது இல்லாம இந்தக் கஞ்சி வராது மேடம்."

"யார் செஞ்சாலும் ஒரே மாதிரி வரணும்னு சொல்லியிருந்தேன்."

"வரும் மேடம். யாருன்னு மட்டும் செய்யிறவங்க கேட்டுக்கணும். சொல்லக்கூடாது, கேக்கணும்."

மேடம் சிரித்தார். அந்த வரியை அடிக்கவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அது இல்லை. சம்பவத்துக்கு மறுநாள் மதியம் நடந்தது.

எப்போதும்போல ஜன்னலைச் சாத்தி, இட்லியும் தயிரும் எடுத்து வைத்தேன். அத்தா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பழக்கத்தில் தட்டை மறைத்தோம்.

அமீர் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தி, பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துத் தரையில் பரப்பினார். மதியத்துக்கு மட்டும் மூன்று மாத்திரை.

"நெஞ்சுக்கு" என்றார். "ரெண்டு வருஷமா. மண்டில போயி, தோலு நாத்தத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டே பிஸ்கட்டத் தின்னு முழுங்குறேன்லே."

அத்தா அவரைப் பார்த்தார். "நூத்தி மூணு காய்ச்சல்லயும்..."

"அது நெசம். காய்ச்சல் வந்தப்ப விடல."

அத்தா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரு தட்டை எடுத்து, இரண்டு இட்லி வைத்து, தரையில் தள்ளினார்.

அமீர் மாமா தட்டைப் பார்த்தார். "என்னலே இது, ஆஸ்பத்திரி மாதிரி? சட்னி இல்லையா?"

"வாசம் வெளிய போயிரும்னு வைக்கிறதில்ல."

"இனிமே என்ன வாசம்? தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு."

அத்தா என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் மதியத்தில் கடுகு வெடித்தது அதுதான் முதல் தடவை.

ஜன்னலை மட்டும் சாத்தியே வைத்தேன். வெளியே தெருவில் நோன்பு வைத்திருக்கிறார்களே, அவர்களுக்காக.